ஸ்டேட்டஸில் போனால் டிசைன் போச்சு!

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயருக்குப் பாதுகாப்பு வந்தாச்சு. ஆனால், ஒரு சிற்பி ராத்திரியெல்லாம் யோசித்து வரைந்த புதுக் கதவு டிசைனுக்கு?

அது வாட்ஸ்அப்பில்தான் போகிறது. கேட்டவருக்கு ஒரு போட்டோ. அவர் இன்னும் நாலு இடத்தில் விலை கேட்க ஃபார்வர்டு செய்வார். அதோடு கதை முடிந்தது.

கூகுள் டிரைவ் லிங்க் அனுப்பினாலும், ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று விட்டால் அதே கதைதான். வாங்குபவரின் இமெயிலுக்கு மட்டும் அனுமதி கொடுத்து, டவுன்லோடை நிறுத்தி வைக்கலாம். பேரம் படியவில்லையா, அனுமதியை எடுத்துவிடலாம். ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்க முடியாதுதான். அட்வான்ஸ் வரும்வரை கதவின் ஒரு மூலையைக் காட்டினால் போதாதா?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. டிசைன் சட்டம் 2000-ன்படி, ஏற்கெனவே வெளியான டிசைனைப் பதிவு செய்ய முடியாது. நம்பிக்கையின்பேரில் ஒருவரிடம் ரகசியமாகக் காட்டுவது வேறு. ஊரே பார்க்கும் ஸ்டேட்டஸ் வேறு. பதிவு கிடைத்தால் 10 ஆண்டு உரிமை, நீட்டித்தால் இன்னும் 5. விண்ணப்பம் போட்ட பிறகு, தாராளமாக ஸ்டேட்டஸ் வைக்கலாம்.