உங்க ஊர்ப் பெரியவர்

ஸ்டேன் சுவாமியை நான் நேரில் பார்த்ததில்லை. அவர் பெயரை எனக்குச் சொன்னவன், ஜார்கண்டின் குந்தி மாவட்டத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த ஒரு முண்டா இளைஞன். இரும்பு உருக்கும் ஆலை. அவன் ஃபர்னஸில் ஸ்கிராப் போடுவான். பெரியபாளையத்திலிருந்து ஷிஃப்டுக்குப் போய்வந்த நான் எடைமேடையில் கணக்கு எழுதுவேன்.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். சில நாட்களில் ஒப்பந்தக்காரரின் போன் அணைந்துபோனது. தகரக் கொட்டகையில் கிடந்தவர்களுக்குக் கூலி பாக்கி. இங்கே ரேஷனும் கிடையாது. ஏப்ரல் வெயிலில் ஜி.என்.டி. ரோட்டில் தலையில் மூட்டையோடு வடக்கே நடந்தவர்களைக் கண்ணால் பார்த்தேன். எளாவூர் சோதனைச்சாவடியில் மறிப்பார்கள் என்று தெரிந்து, இருட்டியதும் வயல்வழி இறங்கிப் போனவர்களும் உண்டு. தச்சூர் கூட்டுச்சாலையில் நாங்கள் தயிர்சாதப் பொட்டலம் கொடுத்தோம். வாங்கிய கையோடு எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "டிரெயின் எப்போ விடுவாங்க?"

மே 1 அன்று நாட்டின் முதல் தொழிலாளர் சிறப்பு ரயில் தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து, ராஞ்சியை ஒட்டிய ஹட்டியாவுக்குக் கிளம்பியது. அதற்கப்புறம்தான் எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் வழி பிறந்தது. அந்த முண்டா தம்பியும் ஊர் போய்ச் சேர்ந்தான்.

அக்டோபரில் அவனிடமிருந்து போன். "அண்ணா, உங்க ஊர்ப் பெரியவரைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க."

"எந்த ஊருடா?"

"தமிழ்நாடுண்ணா. ஸ்டேன் சுவாமி."

பிறகுதான் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1937இல் திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்தவர். இயேசு சபைத் துறவி. ஜார்கண்ட் ஆதிவாசிகளோடே பல்லாண்டு வாழ்ந்தவர். அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணை ஆதிவாசிகளுக்குத் தந்த பாதுகாப்பும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் கிராம சபைக்குக் கொடுத்த அதிகாரமும் எங்கே என்று கேட்டார். நக்சல் முத்திரை குத்தி, விசாரணை முடியாமலே சிறையில் போடப்பட்ட ஆதிவாசி இளைஞர்களுக்காக உயர்நீதிமன்றம் போனார். குந்தியில் ஆதிவாசிகள் அந்தச் சாசனப் பிரிவுகளையே கல்லில் செதுக்கி ஊர் எல்லையில் நட்டார்கள். பத்தல்கடி என்ற அந்த இயக்கத்தை ஒட்டி 2018இல் அவர்மேலும் தேசத்துரோக வழக்குப் பாய்ந்தது. காடும் நிலமும் கைவிட்டுப் போனவன் பிழைக்க வழி தேடிக் கும்மிடிப்பூண்டி வரைக்கும் வருகிறான்; அவர் அங்கே போராடியது அந்தப் போக்கைத் தடுக்கத்தான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

2020 அக்டோபர் 8 அன்று பீமா கோரேகாவ் வன்முறை வழக்கில் தேசியப் புலனாய்வு முகமை அவரை ஊபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கைது செய்தது. வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாது. உறிஞ்சு குழலுள்ள குவளை கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பதில் சொல்ல முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. ராஞ்சிக்குப் போய் என் மக்களோடு இருக்க விடுங்கள் என்று மும்பை உயர்நீதிமன்றத்தில் கேட்டார், அதுவும் நடக்கவில்லை. 2021 ஜூலை 5 அன்று ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, அவர் இறந்துவிட்ட செய்தியைத்தான் நீதிபதிகளிடம் சொன்னார்கள். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்காத மனிதர், கைதியாகவே செத்துப்போனார்.

அவர் படத்துக்கு மாலை போடுவது நல்லதுதான். ஆனால் நம் பக்கத்தில் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. வெளிமாநிலத் தொழிலாளிக்குப் பாஸ்புக்கும் ஊர் போய்வரப் பயணப்படியும் தர வேண்டும் என்று 1979லேயே சட்டம் போட்டார்கள். 2020இல் எங்கள் கொட்டகையில் ஒருவனிடமும் பாஸ்புக் இல்லை. உங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஜார்கண்ட், ஒடிசா பையன்களிடம் கூலி ஒழுங்காக வருகிறதா, பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் தொழிலாளர் துறைக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். விரகாலூர்க்காரர் அவர்கள் ஊரில் செய்ததில் கொஞ்சத்தையாவது, அவர்களுக்கு நம் ஊரில் நாம் செய்வோம்.