சாமைக்காகக் கட்டிய வீடுகள்

காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் சோளக்காடு, அதைத் தாண்டினால் செம்மேடு. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஆயிரம் மீட்டர் உயரத்தையும் தாண்டிக் கிடக்கிறது எங்கள் கொல்லிமலை. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் வல்வில் ஓரியில் ஆரம்பித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கையில் குளித்ததோடு முடித்துவிடுகிறார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து வாழும் சனங்களின் வீடு வாசல் அந்த எழுத்தில் வருவதே அபூர்வம். 1997இல் சேலத்திலிருந்து நாமக்கல் மாவட்டம் பிரிந்தபோது மலையும் கூடப் போனது. நிர்வாக வரலாறு இங்கே இவ்வளவு போதும்.

மலையாளிப் பழங்குடிகள் நாங்கள். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து அண்ணன் தம்பி மூவர் வந்து ஆளுக்கொரு மலை ஏறினார்கள் என்பது எங்கள் பெரியவர்கள் சொல்லும் கதை. ஏறியவர்கள் மேட்டுக்காட்டில் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்தார்கள், பள்ளத்தில் நெல் நட்டார்கள். விளைந்த தானியம் மழைக்காலத்தின் ஈரத்தையும் மார்கழிப் பனியையும் தாண்டி அடுத்த அறுப்பு வரை கெடாமல் இருக்க வேண்டும். எங்கள் பழைய வீடுகளில் ஒவ்வொரு மூலையும் இந்த ஒரு தேவையிலிருந்து பிறந்ததுதான்.

மூங்கிலைப் பிளந்து தட்டி பின்னி, இரண்டு பக்கமும் செம்மண் அப்பிச் சுவர் எடுப்பார்கள். மேலே மலைப்புல் கூரை. வசதி வந்த வீடுகளுக்குப் பிற்பாடு நாட்டு ஓடு. காற்றும் சாரலும் சுவரில் அடிக்காதபடி இறவாரம் தாழ்ந்து வரும். முன்னால் திண்ணை, உள்ளே இருட்டான ஓர் அறை, அதில் அடுப்பு. அடுப்புக்கு நேர் மேலே பரண். அந்த வீட்டின் உயிர் அந்தப் பரண்தான். பரப்பிய மூங்கில் வழியாக அன்றாடம் ஏறும் புகை, தானியத்தில் வண்டு விழாமல் பார்த்துக்கொண்டது. கூரைப்புல்லையும் மூங்கிலையும் செல் அரிக்காமல் காத்தது. புகைபோக்கி இல்லாத வீடு என்று குறை சொன்ன வெளியூர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை. ஆனால் அந்தப் புகையை மூச்சில் வாங்கிக்கொண்டு சமைத்தவர்கள் எங்கள் அம்மாக்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அறையின் ஒரு பக்கத்தைத் தானியம் கொட்டிவைக்கும் தொம்பை அடைத்துக்கொள்ளும். மண்ணைக் குழைத்து அடுக்கடுக்காக உயர்த்தி, சாணம் மெழுகி, அடியில் ஒரு துளை விட்டிருப்பார்கள். அந்தத் துளையின் அடைப்பை எடுத்து வேண்டிய அளவு சரித்துக்கொள்வார்கள். சாமை உமியோடு கிடக்கும்வரை ஆண்டுக்கணக்கில் கெடாது, ஆகவே அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் உரலில் குத்தினார்கள். விதைக்குத் தனி இடம்: சுரைக்குடுக்கையிலோ பானையிலோ நொச்சி இலையோடு போட்டு வாயை மண்ணால் பூசிவிடுவார்கள். கட்டவெட்டிச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, மல்லியச் சாமை என ஒவ்வொன்றும் எந்தக் காட்டுக்கு ஒத்துவரும் என்பது வீட்டுப் பெண்களுக்குத்தான் அத்துபடி. வாசலில் சாணம் மெழுகிய களம். மாடு கட்டிப் பிணையல் ஓட்டியது அங்கேதான். களத்தை ஒட்டி மாட்டுப்பட்டி, பட்டிக்கு அப்பால் பலாமரம். பட்டியின் எரு காட்டுக்குப் போகும், காட்டின் தாள் பட்டிக்கு வரும்.

பிறகு மரவள்ளி வந்தது. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு லாரி லாரியாக இறங்கியது. கையில் காசு புரண்டது. அதற்கு ஆசைப்பட்டதற்காக யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் பிடுங்கிய கிழங்கைப் பரணில் ஏற்றி வைக்க முடியாது, இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். சொன்ன விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். சாமை போனதும் தொம்பைக்கு வேலையில்லை, பரணுக்கு வேலையில்லை. மிளகும் காப்பியும் சில்வர் ஓக்கும் மிச்ச மேட்டையும் பிடித்துக்கொண்டன.

இப்போது கட்டப்படும் அரசுத் தொகுப்பு வீடுகள் சமவெளியில் எப்படியோ அப்படியேதான் இங்கேயும். தட்டையான காங்கிரீட் கூரை பனிக்காலத்தில் ஜில்லிட்டு மழைக்காலத்தில் கசிகிறது. மூட்டை வைக்கப் பரண் இல்லை, கதிர் அடிக்கக் களம் இல்லை; தார்ச்சாலையில் கொட்டிக் காய வைக்கிறார்கள். மலையில் கட்டும் வீட்டுக்கு மலைக்கேற்ற வரைபடம் ஒன்று போட இத்தனை ஆண்டுகளில் ஒரு பொறியாளருக்கும் தோன்றவில்லையா? 2023ஐ உலகமே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானிய விதைகளை மீட்டுப் பெண்கள் குழுக்களிடம் சேர்த்திருக்கிறது. விதையைக் காப்பாற்ற ஆள் வந்ததுபோல் அது குடியிருந்த வீட்டைக் காப்பாற்ற ஆள் வரவில்லை. சுற்றுலா விடுதிகள் சிமெண்ட் சுவரில் மண் நிறம் அடித்துப் பழைய வீடு என்று வாடகைக்கு விடுகின்றன. உண்மையான மண்வீடு பக்கத்திலேயே கரைந்துகொண்டிருக்கிறது. ஆடிப் பதினெட்டுக்கு ஓரி விழா நடத்தச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு போதும், நாட்டுக்கு ஒன்றாகச் சில வீடுகளையாவது தொம்பையோடும் பரணோடும் நிறுத்திவைக்கலாம். சுவர் எடுக்கவும் தொம்பை கட்டவும் தெரிந்த கைகள் எழுபது வயதைத் தாண்டிவிட்டன. செய்வதானால் அவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டும்.