பின்கட்டில் இருக்கிற மண்

சுவாமிமலைக்கு ஐம்பொன் சிலை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முன்னறையோடு திரும்பிவிடுகிறார்கள். மெருகேறிய நடராசரும் சோமாஸ்கந்தரும் அங்கேதான் நிற்கிறார்கள். நான் பட்டறையின் பின்கட்டிலேயே தங்கிவிட்டேன். அங்கே மண் குழைக்கிறார்கள்.

மண்ணுக்கு முன்னால் மெழுகு. தேன்மெழுகோடு இறுக்கத்துக்குக் குங்கிலியமும் இளக்கத்துக்குக் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். அளவெடுக்கத் தென்னை ஓலை போதும். சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, தாளம் என்ற சிற்ப அளவுக் கணக்குப்படி மடித்தால், முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு, முழங்கால் எங்கே என்பதை மடிப்புகளே சொல்லிவிடும். பெரிய தெய்வங்களுக்கு உத்தம தச தாளம். உடல் முழுவதும் 124 பங்கு. கை, கால், உடலைத் தனித்தனியே மெழுகில் பிடித்து, சூடேற்றிய கம்பியால் ஒட்டுகிறார்கள்.

ஸ்தபதி தந்த மெழுகு அம்மனைப் பின்கட்டில் வாங்கிக்கொண்டவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். காவிரி வண்டலைச் சலித்து, உமிக்கரியோடு அம்மியில் மை போல அரைத்து வைத்திருந்தார். ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தார். நெருநெருவென்றது. மறுபடி அம்மிக்கே போனது. அரைத்து முடித்த பிறகு, அம்மன் முகத்தில் விரல் நுனியால் பூசினார். இமைக்கோட்டிலும் உதட்டோரத்திலும் காற்றுக்குமிழி தங்காதபடி ஊதி ஊதிப் படியவைத்தார்.

“இந்த முதல் பூச்சுதான் தம்பி எல்லாம். இதுல ஒரு மணல் நின்னா அம்மன் கன்னத்துல குழி விழும். அப்புறம் உளிக்காரர் என்னைத்தான் தேடி வருவார்” என்றார்.

அது நிழலில் காய்ந்தபின் வயல் களிமண்ணும் மணலும் கலந்த பூச்சு. அதன்மேல் கரடுமுரடான இன்னொன்று. பெரிய சிலையென்றால் இரும்புக் கம்பி போட்டுக் கட்டுவார்கள். எத்தனை நாள் காய வேண்டும் என்று கேட்டேன். “அது சொல்லும்” என்று விரல் முட்டியால் தட்டிக் காண்பித்தார். ஈரம் இருந்தால் சத்தம் அடங்கிக் கேட்கிறது. அந்த ஈரத்தோடு உலோகம் ஊற்றினால் மண் வெடித்துவிடும். பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

வார்ப்பு நாளில் வறட்டி அடுக்கித் தீ மூட்டினார்கள். மெழுகு உருகி, மண்ணில் விட்டிருந்த துளை வழியே வெளியேறியது. சூடு ஆறாமலே அந்த மண்கருவைக் குழியில் இறக்கி, துளைகளின் வாய் மட்டும் தெரியப் புதைத்தார்கள். மூசையில் செம்பு உருகிக்கொண்டிருந்தது. பித்தளை, ஈயம், பேருக்குக் கொஞ்சம் பொன்னும் வெள்ளியும். ஊற்றத் தொடங்கினால் தாரை அறுபடக் கூடாது. அந்தச் சில நிமிடங்கள் யாரும் பேசவில்லை. மறு துளையில் உலோகம் ததும்பி எட்டிப் பார்த்த பிறகுதான் ஒருவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆறிய பிறகு மண்ணை உடைத்தெடுக்கிறார்கள். மெழுகு முன்பே போய்விட்டது, இப்போது மண்ணும் போனது. அதே கருவில் இன்னொன்று வார்க்க முடியாது. அதற்குப் பிறகு உளியும் அரமும் வாரக்கணக்கில் வேலை செய்கின்றன.

இங்கே எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் நுணுக்கம் பெரும்பாலும் மெழுகிலேயே முடிந்துவிட்டது. உளிக்கு அதிகம் வேலை வைக்கவில்லை. தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரைப் பாருங்கள், 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். சாய்ந்து நிற்க இருந்த காளை இன்று இல்லை, ஆனால் அந்தக் கை அதன்மேல்தான் இன்னும் ஊன்றியிருக்கிறது. தலையில் சுற்றிய சடைமுடிச் சுருள்களில் இளகிய மெழுகின் நெகிழ்வு அப்படியே நிற்கிறது. அந்த நெகிழ்வு ஆயிரம் ஆண்டு கடந்து நம் கண்ணுக்கு வந்ததென்றால், அதைச் சிந்தாமல் ஏந்திக் கொடுத்தது எவரோ அரைத்த மண்தான். இன்று ஆபரண மணிகளை உளியில் கூர்மையாகச் செதுக்குகிறார்கள். வாங்குகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். வேலை சுத்தமானதுதான், ஆனாலும் உடல் சற்று இறுகிப்போகிறது.

2023-இல் தில்லி பாரத் மண்டபத்தில் நிறுவிய 27 அடி நடராசர் இதே சுவாமிமலையில், இதே மெழுகு முறையில் உருவானவர். எடை ஏறத்தாழ 18 டன். அந்த அளவுக்கு எவ்வளவு வண்டல் வேண்டியிருக்கும் என்று பெரியவரிடம் கேட்டேன். அதைவிட, ஆற்றில் தண்ணீர் நிறைய வரும் ஆண்டுகளில்தான் நல்ல வண்டல் படியும் என்பதைத்தான் அவர் அதிகம் பேசினார். மண் அள்ளப் போகும் இடம், அதைக் கையில் எடுத்ததும் தெரியும் வழவழப்பு, இரண்டு முறை சலிப்பதற்கும் மூன்று முறை சலிப்பதற்கும் உள்ள வித்தியாசம், எல்லாவற்றையும் சொன்னார். அவருக்குக் கீழே இப்போது ஒரே ஒரு பையன் வேலை கற்கிறான். உளி வேலைக்கு வர ஆட்கள் இருக்கிறார்கள். மண் வேலைக்கு வருகிறவர்கள் குறைவு. இந்த வேலைக்கும் மதிப்புக் கிடைக்க, ஸ்தபதியின் பெயரோடு மண் கட்டியவரின் பெயரையும் விற்பனைச் சீட்டில் எழுதலாம். பட்டறைகள் நாளைக்கே செய்யக்கூடிய காரியம் அது.