ஐந்து பேரில் ஒருவர்

ஜூன் மாதத்தில் இரண்டு தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சந்தித்தால் முதலில் கேட்பது, "ஒண்ணாம் வகுப்புல எத்தனை பேரு சேர்ந்திருக்காங்க?" என்பதுதான். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஆகஸ்ட் 1ஆம் தேதி பதிவேட்டில் இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயமாகின்றன. எண்ணிக்கை இறங்கினால் ஒருவர் உபரியாகி, பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்த எனக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். துண்டறிக்கைகளை எடுத்துக்கொண்டு வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். "எல்.கே.ஜி.யிலயே இங்கிலீஷ் மீடியத்துல சேர்த்துட்டோமே டீச்சர்" என்ற பதிலைப் பல திண்ணைகளில் கேட்டிருக்கிறேன்.

சேர்க்கை குறைந்தால் பள்ளி சரியில்லை என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. ஆனால் முதல் காரணம் பள்ளிக்கு வெளியே இருக்கிறது. பிள்ளைகள் பிறப்பதே குறைந்துவிட்டது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். மக்கள்தொகை நிலையாக இருக்கவே 2.1 வேண்டும். இரண்டாவது காரணம் வயது. தனியார் பள்ளி மூன்று வயதிலேயே கதவைத் திறக்கிறது; பெரும்பாலான அரசுத் தொடக்கப் பள்ளிகள் ஐந்து வயதுவரை காத்திருக்கின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளிகளில் அரசே கட்டணம் கொடுக்கும் இடங்களும் எல்.கே.ஜி.யில் தொடங்குவதால், வேன் ஏறிய பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு உள்ளூருக்குத் திரும்புவது அபூர்வம். கொரோனா காலத்தில் வருமானம் நின்ற வீடுகளின் பிள்ளைகள் எங்களிடம் வந்தார்கள். கையில் காசு புரளத் தொடங்கியதும் பலர் திரும்பிப் போனார்கள். அந்த வரவுக்கும் போக்குக்கும் நாங்கள் பாடம் நடத்திய விதம் காரணமல்ல.

அப்படியானால் தங்குபவர்கள் யார்? வசதியுள்ள தெருக்களின் பிள்ளைகள் போய்விட, பெரும்பாலும் காலனிப் பிள்ளைகளும், தாயும் தகப்பனும் திருப்பூருக்கு வேலைக்குப் போக ஆயாவிடம் வளரும் பிள்ளைகளும், அன்றாடக் கூலிக்காரர்களின் பிள்ளைகளுமே வகுப்பில் இருக்கிறார்கள். செங்கல் சூளை உள்ள பக்கங்களில் ஒடிசாவிலிருந்து வரும் குழந்தைகள் மழை ஓய்ந்த பின் வந்து, அடுத்த மழைக்குமுன் பெற்றோருடன் ஊர் திரும்புகிறார்கள். கல்வியாண்டின் நடுவில் தமிழ் எழுத்தைத் தொடங்கும் அந்தக் குழந்தையும், அப்பாவிடம் கதை கேட்டு வளர்ந்த குழந்தையும் ஒரே தாளில்தான் மதிப்பிடப்படுகிறார்கள்.

இங்கேதான் தேர்ச்சி விழுக்காடு என்னைத் தொந்தரவு செய்கிறது. ஐந்து பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வாசிக்க வரவில்லையென்றால் 20 சதவீதம் போய்விடும். நாற்பது பேர் வகுப்பில் அதே ஒரு பிள்ளை 2.5 சதவீதம். குழந்தை ஒன்றுதான், அது உட்கார்ந்திருக்கும் வகுப்பின் அளவு பள்ளியின் பெயரை மாற்றிவிடுகிறது. போதாததற்கு, சட்டப்படி 60 பிள்ளைகள்வரை இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்புக்கும் ஐந்து ஆசிரியர்கள் வேண்டுமென்றால் 121 பிள்ளைகள் சேர வேண்டும். மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்கும்போதே ஒன்றாம் வகுப்பின் பென்சில் சண்டையையும் தீர்த்து, தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போன நாளில் ஐந்து வகுப்பையும் ஒருவரே பார்க்கும் பள்ளிகள் இவை.

ஆனாலும் சிறிய பள்ளியில் ஒரு பெரும் வாய்ப்பு இருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாக முன்னேறியது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. இந்த முறைகளுக்கு அடிப்படையான விவரம், அதாவது ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்பது, சிறிய வகுப்பின் ஆசிரியருக்கு ஏட்டைப் பார்க்காமலே தெரியும். அரசின் காலை உணவுத் திட்டமும் பெரிய துணை. 2022 செப்டம்பரில் தொடங்கிய அத்திட்டம் மறு ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. முதல் பாடவேளையில் மேசைமேல் தலை சாய்க்கும் பிள்ளைகள் அதன்பின் குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பசியோடு இருந்த பிள்ளையை மந்தமான பிள்ளை என்று எத்தனை பள்ளிகள் எத்தனை காலம் எழுதி வைத்திருக்குமோ!

எனவே நான் கேட்பது மூன்று. பிள்ளை எந்த நிலையில் வந்தது, எந்த நிலைக்கு உயர்ந்தது என்று பார்த்துப் பள்ளியை மதிப்பிடுங்கள். அரும்பிலிருந்து மொட்டுக்கு வந்த சூளைக் குழந்தையும் அந்தக் கணக்கில் வரட்டும். ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் எல்.கே.ஜி. தொடங்குங்கள். ஆசிரியரைத் தலைக்கணக்கில் கொடுக்காமல் வகுப்புக் கணக்கில் கொடுங்கள். செலவு அதிகம் என்பார்கள். ஆம், அதிகம்தான். ஆனால் வேன் கட்டணம் கட்ட முடியாத வீட்டுக்கு இந்தப் பள்ளியை விட்டால் வேறு பள்ளி இல்லை. பதினைந்து பேரே படித்தாலும், அந்தப் பதினைந்து பேருக்கும் அது முழுப் பள்ளியாக இருக்க வேண்டும்.