வால்வு சூடாகட்டும்

கம்பத்துல தம்பி ஒருத்தன் வீட்ல நேத்து வால்வு வச்ச சிடி பிளேயர் கேட்டேன்.

தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம்.
தட்டு வெளிய வர்றப்ப ஆட்டமில்ல, கரகரப்பில்ல.
ஆன் பண்ணதும் வால்வுக்குள்ள இழை மெதுவா செவந்துச்சு.
"கொஞ்சம் சூடாகட்டும்ண்ணே"ன்னான்.

போட்டது 1988ல வந்த இளையராஜாவோட 'நத்திங் பட் விண்ட்'.
புல்லாங்குழல்காரர் சௌராசியா ஊதுறதுக்கு முந்தி இழுக்குற மூச்சு கூட கேட்டுச்சு.
வயலின் கூட்டம் ஏறுறப்ப காதைக் குத்தவே இல்ல.

வட்டுல இருக்குறது ஒரு சேனலுக்கு நொடிக்கு 44,100 எண்கள். அதை ஒலியாக்குறது சிப்பு. வால்வுக்கு வேலை அதுக்கப்புறம்தான்.

ஆனாலும், பண்ணைப்புரத்துல பொறந்த மனுஷனோட இசை, அவரோட கம்பம் பள்ளத்தாக்குலயே ராத்திரி ஒலிக்குது. கண்ணு கலங்கிருச்சு.

அந்த இதம் வால்வோடதா, இந்த மண்ணோடதா?