ஒரு இஞ்ச் பைலட்!

லண்டனுக்குப் படிக்கப் போற ஐடியா இருக்கா ஃப்ரெண்ட்ஸ்? பிக் பென், லண்டன் ஐ முன்னாடி நின்னு போட்டோ எடுக்கிற சடங்கு முடிஞ்சதும், ஒரு சனிக்கிழமை செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறுங்க. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மார்கேட் வந்துடும். கென்ட் பகுதியின் கடலோர ஊர். மணல், ஐஸ்கிரீம், 'ட்ரீம்லேண்ட்' ராட்டினம்... நம்ம மெரினாவைச் சுருக்கி ஃப்ரிட்ஜில் வைத்த மாதிரி இருக்கும்!

ஆனா, நாம போறது பீச்சுக்கு இல்லை. ஊரை ஒட்டி வெஸ்ட்வுட் என்ற இடத்தில் இருக்கும் பழைய பொம்மை ஃபேக்டரிக்கு. 1954-ல் இங்கே ரயில் பொம்மைகள் செய்யத் தொடங்கினார்கள். 1990-களில் தயாரிப்பு சீனாவுக்குப் போனது. ஃபேக்டரி சத்தம் போய், பார்வையாளர்களுக்கான இடமாக மாறியது. ரயில்களோடு இங்கே இன்னொரு ஹீரோவும் உண்டு. அவர் பெயர் ஏர்ஃபிக்ஸ்.

பிரிட்டனில் இன்று 60 வயதைத் தாண்டிய எந்த ஆம்பளையிடமும் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்க. முகம் பத்து வயசுக்குப் போயிடும். உடைத்து ஒட்டுகிற பிளாஸ்டிக் விமான கிட்!

இதை ஆரம்பித்தவர் நிக்கோலஸ் கோவ் என்ற ஹங்கேரிக்காரர். 1939-ல் காற்று ஊதும் ரப்பர் பொம்மைகள் செய்தார். வியாபார டைரக்டரியில் முதலில் வரணும்னு 'ஏ'யில் தொடங்கும் பெயரைப் பிடித்தார். பலே கில்லாடி! அப்புறம் பிளாஸ்டிக் சீப்பு. 1952-ல் 'கோல்டன் ஹைண்ட்' கப்பல் கிட். உல்வொர்த்ஸ் கடைகளில் விலை 2 ஷில்லிங். விலையைக் குறைக்க, பெட்டிக்குப் பதில் பிளாஸ்டிக் பை. பாக்கெட் மணியில் வாங்கலாம் என்றதும் பையன்கள் மொய்த்துவிட்டார்கள். பின்னாலேயே விமானங்கள் வரிசை கட்டின.

கணக்கு சிம்பிள். 72-ல் ஒரு பங்கு. அதாவது ஆறடி ஆள் ஒரு இஞ்ச் ஆகிவிடுவார். நிஜ ஸ்பிட்ஃபயரின் இறக்கை அகலம் 11.23 மீட்டர். கிட்டில் பதினைந்தரை சென்டிமீட்டர். உள்ளங்கையில் உட்கார்ந்துகொள்ளும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். அன்றைய பையன்கள் இன்றைய தாத்தாக்கள். அவர்களில் பலர் அதே கிட்டைத் தேடி வாங்கி, மறுபடி ஒட்டுகிறார்கள். இதைவிடத் துல்லியமான புது கிட்கள் கடையில் இருக்கு. ஆனாலும், 'எனக்கு அந்தப் பழசுதான் வேணும்' என்று அடம். ஏர்ஃபிக்ஸும் 'வின்டேஜ் கிளாசிக்ஸ்' என்று தனி வரிசையே போட்டு, பழைய கிட்களைப் பழைய பெட்டிப் படத்தோடு விற்கிறது. 'ஆட்டோகிராஃப்' சேரன் பழைய காதலிகளைத் தேடிப் போனார். இவர்கள் பழைய விமானத்தைத் தேடிப் போகிறார்கள்!

பழைய கிட்டில் குறை இல்லையா? ஏகப்பட்டது. இறக்கை முழுக்க ஆணி மாதிரி புள்ளிகள். அரை மில்லிமீட்டர் புள்ளியை 72 மடங்கு பெரிசாக்கிப் பாருங்க. 36 மில்லிமீட்டர்! நிஜ விமானத்தில் ஒவ்வொரு ஆணியும் எலுமிச்சம்பழ சைஸில் இருந்திருக்கணும். ஓரமெல்லாம் பிசிறு. ரெண்டு பாதியைச் சேர்த்தால் நடுவில் இடைவெளி. அதில் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். பத்து வயசில் எந்த இடத்தில் விரல் தடுமாறியதோ, அறுபதிலும் அதே இடத்தில்தான் தடுமாறும். ஏன்னா, அச்சு அதே அச்சு.

அந்த அச்சுகள் பிழைத்ததே பெரிய கதை. உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தில் செலுத்தும் கனமான உலோக அச்சுகள் அவை. 1981-ல் ஏர்ஃபிக்ஸ் திவால். கம்பெனி கைமாற, அச்சுகள் பிரான்சுக்குக் கப்பலேறின. 2006-ல் அப்போதைய முதலாளியும் திவால். அதே வருஷம் ஹார்ன்பி வாங்கியது. பழைய இரும்பு விலைக்குப் போயிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். அப்புறம் இன்னொரு ட்விஸ்ட். 2010-களில் வந்த பல ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளைத் திருப்பிப் பாருங்க... 'மேட் இன் இந்தியா'! இங்கிலாந்து தாத்தாவின் பால்யம் நம்ம நாட்டில் பிளாஸ்டிக் ஆகி, கப்பலேறிப் போயிருக்கு.

இந்த கிட்டுக்கான பசையும் வினோதம்தான் பாஸ். அது சும்மா ஒட்டுவதில்லை. ரெண்டு பக்க பிளாஸ்டிக்கையும் லேசாகக் கரைத்து, ஒன்றாக்கிவிடும். காய்ந்த பிறகு பிரிக்க நினைத்தால் உடையும். பழைய ஞாபகமும் கிட்டத்தட்ட அப்படித்தானே?

சரி, மார்கேட்டிலிருந்து இன்னும் சில கிலோமீட்டர் போவோம். மான்ஸ்டன். இரண்டாம் உலகப் போரில் முன்வரிசையில் நின்ற விமானத்தளம். ஒரு ஸ்பிட்ஃபயர், ஒரு ஹரிகேன் இரண்டையும் வைத்து இங்கே ஒரு நினைவு மியூசியம் இருக்கு. உள்ளங்கையில் பார்த்தது திடீரென வீடு மாதிரி நிற்கும்.

இங்கேதான் நமக்கும் ஒரு முடிச்சு. போர் நிதி தந்ததற்காக, பிரிட்டிஷ் விமானப்படையின் மூன்று பிரிவுகள் 'மெட்ராஸ் பிரெசிடென்சி' என்ற பெயரைத் தாங்கின. நம்ம சென்னை மாகாணமேதான்! அதில் ஒன்று 264-வது பிரிவு. அவர்கள் ஓட்டியது டிஃபையன்ட் விமானம். முன்னால் பைலட், பின்னால் சுழலும் துப்பாக்கிக் கூண்டுக்குள் இன்னொருவர். முன்பக்கம் சுட பைலட்டுக்குத் துப்பாக்கியே கிடையாது. அடி வாங்கினால் கூண்டிலிருந்து வெளியே வருவதும் பெரும்பாடு. 1940 ஆகஸ்ட் 24 அன்று இந்த மான்ஸ்டனிலிருந்து கிளம்பிய அதன் தலைவர் ஃபிலிப் ஹன்டர் திரும்பவே இல்லை. அடுத்த சில நாட்களில் இன்னும் பலர். அவர்களில் நிறைய பேருக்கு உங்க வயசு அல்லது உங்க சீனியர் வயசு.

2015-ல் ஏர்ஃபிக்ஸ் விட்ட டிஃபையன்ட் கிட்டில் ஹன்டர் விமானத்தின் 'பி.எஸ்-ஏ' எழுத்துகள் ஸ்டிக்கராக வந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தால் காகிதத்திலிருந்து வழுக்கி, விமானத்தின் மேல் உட்காரும்.

பத்து வயசுப் பையனுக்கு இதெல்லாம் தேவையில்லை. பைலட் பொம்மை மேல் ஒரே தீற்றல் பெயின்ட். பசை காயும் முன்பே 'டுர்ர்ர்' என்று வீடு முழுக்கப் பறந்து, ரெண்டு ஜெர்மன் விமானத்தை வீழ்த்தி, சோபாவில் லேண்டிங்! அறுபதில் அதே கிட்டைத் திறக்கிறவர் மூக்குக் கண்ணாடிக்கு மேல் ஒரு லென்ஸையும் மாட்டிக்கொள்கிறார். அந்த ஒரு இஞ்ச் ஆளுக்கு முகம் வரைகிறார். தன் பேரன் வயசுப் பையன் ஒருவன் அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தான் என்று இப்போது அவருக்குத் தெரியும். பழசை மறுபடி செய்வது சும்மா ஃபீலிங்ஸுக்கு மட்டும் இல்லை, ஃப்ரெண்ட்ஸ். அன்னிக்குக் கண்ணில் படாததை இன்னிக்குப் பார்க்கவும்தான்.

அடுத்த தடவை ஹாஸ்டலிலிருந்து ஊருக்குப் போகும்போது பரண் மேல் ஏறிப் பாருங்க. பம்பரமோ, பாதியில் விட்ட கப்பலோ, எதுவோ ஒன்று தூசியோடு கிடக்கும். பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன், ஒரு மணி நேரம் அதோடு தரையில் உட்காருங்க. உங்க ஒரு இஞ்ச் பைலட் அதில் யார்னு தெரியும்!