புகையே பிடிக்காத அம்மாவுக்குப் புகை நோய் எப்படி வந்தது?

இந்த இழை கொஞ்சம் நீளம். உங்க வீட்டிலோ ஊரில் அம்மா வீட்டிலோ விறகடுப்பு எரியுதுன்னா, கடைசி வரை படிச்சிடுங்க.

1. சாயல்குடி பக்கத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. வயசு 58. மூணு வருஷமா இருமல், காலையில சளி, நாலு எட்டு வேகமா நடந்தா இளைப்பு.
"பீடி, சுருட்டு ஏதாவது?"
"வெத்தலை கூட போட மாட்டேன் தம்பி."
ஸ்பைரோமெட்ரி எடுத்தோம். ஊதும்போது முதல் ஒரு விநாடியில் வெளியேறும் காற்று, மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்குக் குறையாம இருக்கணும். இன்ஹேலர் மருந்து கொடுத்த பிறகும் அவங்களுக்கு அதுக்குக் கீழேதான் வந்தது. சிஓபிடி. அதாவது நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய்.

2. பீடி, சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு மட்டும்தான் இது வரும்னு நிறைய பேர் நினைக்கிறோம். விறகுப் புகையாலும் வரும். வீட்டுக்குள்ள எரிபொருள் புகையால 2020இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் இறந்ததா உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கு. அதில் ஐந்து வயசுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளும் லட்சக்கணக்கில் உண்டு. அம்மா இடுப்புல உக்காந்து அடுப்படியில மூச்சு விடுற குழந்தைக்கு நிமோனியா வர்ற ஆபத்து அதிகம்.

3. நான் என்ன செஞ்சேன்? இன்ஹேலர் எழுதிக் கொடுத்துட்டு, "கேஸ் அடுப்புக்கு மாறிடுங்கம்மா"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு அதே இருமலோட வந்தாங்க. இன்ஹேலரை ஒழுங்கா எடுத்திருக்காங்க. எனக்குக் கொஞ்சம் கோபம்.
"கேஸ் இல்லையா?"
"வீட்டுல இருக்கே தம்பி. சோறு, குழம்பு எல்லாம் அதுலதான். பதநீயை அதுல காய்ச்ச முடியுமா?"
அப்பத்தான் உறைச்சது. அவங்க கருப்பட்டி காய்ச்சுறவங்க. அதை நான் கேட்கவே இல்லை.

4. கணக்குப் பாருங்க. 100 லிட்டர் பதநீரைக் கட்டியாக்க 80, 85 லிட்டர் தண்ணியை ஆவியாக்கணும். கேஸ்ல செஞ்சா 14.2 கிலோ சிலிண்டர்ல பாதிக்கு மேல ஒரே நாள்ல காலி. கருப்பட்டி விலை அதைத் தாங்காது. பனை மட்டை, பாளை, காய்ந்த ஓலை, வேலிக்கருவை, இதெல்லாம் காசில்லாம கிடைக்கிறது. பங்குனியில இருந்து ஆடி வரைக்கும் ஓலை விடிலிக்குள்ள தினம் நாலு மணி நேரம் அடுப்பு முன்னாடி உட்காருற வேலை. பதம் தப்பினா அன்னைக்கு உழைப்பே போச்சு, அதனால எழுந்து போகவும் முடியாது.

5. "புகைபோக்கி வெச்சிருக்கோம் தம்பி. மகன் கொத்தனாரை வெச்சுக் கட்டினான். ஆனாலும் தார் நாத்தம் அடிக்குது, குழாய்ல கருப்பா ஒழுகுது"ன்னாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை ஊருக்கே போனேன். மண்ணடுப்பு, வரிசையா ரெண்டு வாய், பின்னாடி தகரக் குழாய். இணைப்பு ஒவ்வொண்ணிலும் பளபளன்னு கருப்புக் கசிவு. குழாய் நேரா ஓலைக் கூரையைத் துளைச்சு மேல போகுது. அதைப் பார்த்ததும் இருமல் ரெண்டாவது கவலையா ஆயிடுச்சு. காரணத்தை ஏழாவதுல சொல்றேன்.

6. அந்தக் கருப்பு என்ன? விறகு முழுசா எரியாத புகையில எரிவாயு, நீராவி, தார்த் துளிகள் இருக்கும். குளிர்ந்த குழாய்ச் சுவர்ல அது பட்டதும் படிஞ்சுடும். இதுக்குக் கிரியோசோட்னு பேரு. குளிர்நாடுகள்ல கேட்டலிடிக் விறகடுப்புன்னு ஒண்ணு விக்கிறாங்க. பல்லேடியம், பிளாட்டினம் பூசின தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் வழியா புகை போகும். சாதாரணமா 600 டிகிரி செல்சியஸ் அளவுல எரிய வேண்டிய புகை, அதுல சுமார் 260 டிகிரியிலேயே எரிஞ்சுடும். நம்ம பைக் சைலன்சருக்குள்ள இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் இதே மாதிரிதான். அவ்வளவு விலை கொடுத்து வாங்கினவங்களுக்கும் இதே தார் நாத்தம் வருது. ஈர விறகு, சூடேறாத அடுப்பு, அடைஞ்ச குழாய்ன்னு காரணங்களும் கிட்டத்தட்ட இதேதான்.

7. இப்போ அந்தக் கவலை. கிரியோசோட் நல்லா எரியும். ஒருநாள் அடுப்பை வேகமா எரிச்சா குழாய்க்குள்ளேயே தீப்பிடிச்சுக்கும். மேல ஓலைக் கூரை. விடிலியே போயிடும். "குழாய் ஒருநாள் செவசெவன்னு ஆச்சு தம்பி"ன்னு அவங்க சாதாரணமா சொன்னப்போ எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

8. நாங்க சேர்ந்து பார்த்த சோதனைகள். உங்க வீட்டிலும் செய்யலாம்.
அ) விறகு: போன வாரம் வெட்டின பச்சைக் கருவை. பச்சை மரத்தில் பாதி எடை வரைக்கும் தண்ணியே இருக்கலாம். அதை ஆவியாக்கவே சூடெல்லாம் போயிடும், மிச்சம் புகைதான். சின்னதாப் பிளந்து, நிழல்ல காத்தோட்டமா ஆறு மாசம் காயணும். ரெண்டு கட்டையைத் தட்டினா டங்குன்னு கேக்கணும், மொத்துன்னு கேட்டா இன்னும் காயலை. காஞ்ச விறகையும் வாய் நிறையத் திணிச்சா காத்து போகாது, புகையும்.
ஆ) குழாய் அடைப்பு: தட்டிப் பார்த்தோம். உள்ளே பாதி விட்டம்தான் மிச்சம். அடுப்பு முழுசா ஆறின பிறகு, மூக்குல வாயில ஈரத்துணி கட்டிக்கிட்டு, கயித்துல கட்டின பழைய துணிப்பந்தையோ நார்ப்பிரஷ்ஷையோ இழுத்துச் சுத்தம் செய்யணும். தினம் காய்ச்சுற இடத்துல மாசம் ரெண்டு தடவை.
இ) ஊதுபத்திச் சோதனை: அடுப்பு எரியும்போது இணைப்புகள்கிட்ட ஊதுபத்தியைப் பிடிங்க. புகை உள்ளே இழுத்தா சரி. வெளியே தள்ளினா அங்கே கசிவு. களிமண்ணும் சாணியும் குழைச்சுப் பூசுங்க.
ஈ) காற்று: குழாய் முனை கூரை முகட்டைவிடத் தாழ்வா இருந்துச்சு. வைகாசிக்கு மேல அந்தக் கடக்கரையில கச்சான் காத்து அடிக்கும்போது புகையைத் திருப்பி உள்ளே தள்ளிடும். முகட்டுக்கு மேலே ரெண்டு அடியாவது எழும்பணும், தலையில ஒரு தொப்பி வேணும்.
உ) தொடக்கம்: குளிர்ந்த குழாய் இழுக்காது. முதல்ல காஞ்ச ஓலையைக் கொளுத்திக் குழாயைச் சூடாக்கிட்டுப் பிறகு கட்டை வைங்க.

9. கூரையைத் துளைச்ச குழாயை எடுத்துட்டு, மண்சுவர் வழியா வெளியே திருப்பி, சுத்திலும் களிமண் கவசம் கட்டச் சொன்னேன். மகன் ரெண்டு நாள்ல செஞ்சுட்டார். ஓலையும் குழாயும் எங்கேயுமே தொடக்கூடாது.

10. "புகையில்லா அடுப்பு கட்டிட்டோம், முடிஞ்சது"ன்னு நாம பலமுறை நினைச்சிருக்கோம். 1980களில் தொடங்கின மத்திய அரசுத் திட்டத்தில் நாடு முழுக்க 3 கோடிக்கும் மேல் அடுப்புகள் கொடுத்தாங்க. நிறைய அடுப்பு சில வருஷத்துலேயே மூலையில கிடந்துச்சு. பிறகு ஒடிசாவில் பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டவங்க சுமார் 2,600 குடும்பங்களை நாலு வருஷம் வரைக்கும் பின்தொடர்ந்தாங்க. புகைபோக்கி அடுப்பு முதல் வருஷம் புகையைக் குறைச்சது. அப்புறம் அந்தப் பலன் காணாமப் போச்சு. உடைஞ்சதைச் சரிசெய்யலை, குழாயைத் துடைக்கலை, அடுப்பைக் குறைவாவே பயன்படுத்தினாங்க.

11. அதுக்காக அந்தப் பெண்களைக் குறை சொல்லாதீங்க. குழாயைத் துடைக்கணும்னு யாரும் சொல்லித் தரலை. எனக்கே தெரியாதே! எம்பிபிஎஸ் புத்தகத்துல புகையால வர்ற நோய் இருந்துச்சு, குழாய் துடைக்கிற முறை இல்லை.

12. இப்ப அந்த அம்மா எப்படி? உண்மையைச் சொல்றேன். இழந்த நுரையீரல் திரும்பாது. ஸ்பைரோமெட்ரி எண் பெருசா மாறலை. ஆனா காலைச் சளி குறைஞ்சிருக்கு, கண் எரிச்சல் இல்லை, பேத்தியை விடிலிக்குள்ள விடறதில்லை. ரெண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை குழாய் துடைக்கிற நாள். இன்ஹேலர் தொடருது. அது பழக்கமாகிடும்னு பயப்படாதீங்க. மருந்து நேரா மூச்சுக்குழலுக்குப் போறதால மாத்திரையைவிடக் குறைஞ்ச அளவே போதும்.

13. புகைபோக்கி புகையை வெளியே அனுப்புதே தவிர அழிக்கிறதில்லை. அதனால சமையலுக்குக் கேஸ் முடியும்னா கேஸ்தான். முடியாத வேலைக்கு, காஞ்ச விறகும் சுத்தமான குழாயும். மூடின அறையில கரி மூட்டிட்டு மட்டும் தூங்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு நாத்தமே கிடையாது.

14. அடுப்பு முன்னாடி உட்காருறவங்களுக்கு எட்டு வாரத்துக்கு மேல இருமல், நடக்கும்போது இளைப்பு, விசில் சத்தம் இருந்தா, ஸ்பைரோமெட்ரி கேளுங்க. சளியில ரத்தம், எடை குறைவு, மாலைக் காய்ச்சல் இருந்தா டிபி பரிசோதனையும் அவசியம்.

மருத்துவ நண்பர்களுக்கு ஒண்ணு: "பீடி பிடிப்பீங்களா"ன்னு கேட்ட கையோட "எந்த அடுப்புல, என்ன காய்ச்சுறீங்க"ன்னும் கேளுங்க. நான் கேட்காம ரெண்டு மாசம் வீணாக்கினேன்.

போகும்போது ஒரு சிரட்டைக் கருப்பட்டி கொடுத்தாங்க. காசு வாங்கவே இல்லை. "உங்க பீஸுக்கு ஈடா வெச்சுக்கங்க தம்பி"ன்னாங்க. ஊர்ல அம்மாகிட்ட இன்னைக்குப் பேசும்போது குழாயைத் துடைச்சு எத்தனை நாளாச்சுன்னு கேளுங்க.